சுவர் இருக்கும், ஆனால் தெரியாது: சீன அரண்மனைகளின் கண்மயக்கு ஓவியங்கள்

சீனப் பேரரசில் அதிகாரியாக இருந்த யாவ் யுவான்ஜி, பெய்ஜிங் தெற்குத் தேவாலயத்தில் பார்த்த இரண்டு சுவரோவியங்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். மேற்குச் சுவரை ஒட்டி நின்றுகொண்டு, ஒரு கண்ணை மூடி, எதிரே இருக்கும் கிழக்குச் சுவரைப் பார்க்க வேண்டுமாம். பார்த்தால் அங்கே அறைகள் திறந்து கிடக்கின்றன, மணித்திரைகள் சுருட்டி விடப்பட்டிருக்கின்றன, தெற்கு ஜன்னல் பாதி திறந்திருக்கிறது, அது வழியாக வெயில் தரையில் விழுகிறது. அலமாரி நிறைய சுருள் ஏடுகள். இன்னொரு பக்கம் உயரமான மேசை மேல் ஒரு ஜாடி, ஜாடிக்குள் மயிற்பீலி. பீலியின் நிழல், ஜாடியின் நிழல், மேசையின் நிழல் மூன்றும் வெயில் வரும் திசைக்கு ஏற்ற மாதிரி மயிரிழை பிசகாமல் விழுந்திருக்கின்றன. அந்த அறையைத் தாண்டி முற்றம், அதைத் தாண்டி இன்னும் அறைகள். சரி, உள்ளே போகலாம் என்று கிட்டப் போனால் அது வெறும் சுவர்.

அந்தச் சுவர்களை வரைந்தவர் மிலான் நகரில் பிறந்த ஜூசெப்பே காஸ்திலியோனே. சீனாவில் அவருக்கு லாங் ஷிநிங் என்று பெயர். தேவாலயத்தைப் பிற்காலத்தில் புதிதாகக் கட்டிவிட்டார்கள், அதனால் அந்த ஓவியங்கள் இன்று இல்லை. ஆனால் அதே வித்தையில் வரைந்த ஒரு முழு அறை பெய்ஜிங்கில் பேரரசர்கள் வாழ்ந்த அரண்மனை வளாகமான தடைசெய்யப்பட்ட நகரத்துக்குள் இன்னும் பிழைத்திருக்கிறது. அந்த அறையைப் புரிந்துகொள்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது என்றாலும் பரவாயில்லை, அடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சாதாரண ஓவியத்துக்கு ஒரு சட்டம் இருக்கும், ஓரம் இருக்கும், அதனால் அது ஓவியம் என்று நமக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். கண்மயக்கு ஓவியம் அந்த ஓரத்தை ஒழித்துவிடுகிறது. சுவர் முழுக்க, சில சமயம் கூரையையும் சேர்த்து வரைந்து, இந்த அறை இங்கே முடியவில்லை, அந்தப் பக்கமும் நீள்கிறது என்று கண்ணை நம்ப வைக்கிறது. நிஜக் கதவின் அதே அளவில் வரைந்த கதவு, நிஜத் தரையின் அதே கற்கள், அறையின் நிஜ ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம். இவை எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் மயக்கம் வேலை செய்யும்.

இதற்கு அடிப்படை பர்ஸ்பெக்டிவ் என்று சொல்கிற கணக்கு. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஜன்னல் கண்ணாடி முன்னால் நின்று, தலையை அசைக்காமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளியே தெரிகிற தெருவைக் கண்ணாடி மேலேயே மார்க்கரால் வரையுங்கள். எதிர்வீட்டுக் கதவு விரல் நீளத்துக்கு வரும், தெருக்கோடி வீட்டுக் கதவு நகத்தளவுக்கு வரும். தெருவின் இரண்டு ஓரங்களும் தூரம் போகப் போக நெருங்கி வரும்; அந்தக் கோடுகளை நீட்டிக்கொண்டே போனால் உங்கள் கண் உயரத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். அதுதான் மறைபுள்ளி. கண்ணாடி முன்னால் நின்று வரைய வேண்டிய அவசியமே இல்லாமல், இல்லாத தெருவையும் கட்டடத்தையும்கூட அளவெடுத்து இதே மாதிரி வரையும் முறையை 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியர்கள் கணக்காக வகுத்துவிட்டார்கள்.

இப்போது அந்தக் கண்ணாடிக் கோடுகளை அப்படியே விட்டுவிட்டு, தலையை மட்டும் இரண்டடி தள்ளிப் பாருங்கள். கோடு ஒரு பக்கம், தெரு ஒரு பக்கம். இந்த விஷயத்தை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கண்மயக்கு ஓவியம் என்பது ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும் ஒரு கண்ணுக்காக வரையப்படுவது. யாவ் யுவான்ஜி ஒரு கண்ணை மூடச் சொன்னதும், எதிர்ச்சுவரை ஒட்டி நிற்கச் சொன்னதும் இதனால்தான். இரண்டு கண்ணும் திறந்திருந்தால், அவை பார்க்கும் இரண்டு கோணங்களையும் ஒப்பிட்டு, எதிரே இருப்பது தட்டையான பரப்பு என்று மூளை கண்டுபிடித்துவிடும். தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் குறையும், ஒரு கண்ணை மூடினால் சுத்தமாகப் போய்விடும். அவர் ஓவியரும்கூட, ஓவியம் எங்கிருந்து பார்க்கத் தகுந்தது என்பதைத் தானே கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்.

ஐரோப்பாவில் இந்த வித்தையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஆந்திரேயா பொட்சோ, இயேசு சபையைச் சேர்ந்த சகோதரர். ரோமில் உள்ள புனித இஞ்ஞாசியார் தேவாலயத்தில் கட்ட வேண்டிய குவிமாடம் கட்டப்படவில்லை. பொட்சோ 1685-ல் ஒரு தட்டையான கேன்வாஸில் குவிமாடத்தை வரைந்து மேலே மாட்டினார். அதற்குப் பிறகு அதே தேவாலயத்தின் நீண்ட விதானத்தில், தூண்கள் மேலே மேலே போய் வானம் திறந்து தேவதூதர்கள் பறக்கிற மாதிரி வரைந்தார். எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று தரையில் பளிங்கு வட்டம் பதித்திருக்கிறார்கள். அதை விட்டு விலகினால் தூண்கள் எல்லாம் சரிந்து விழுகிற மாதிரி தெரியும். இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் படம் போட்டு விளக்கி இரண்டு பாகப் புத்தகமும் எழுதினார், முதல் பாகம் 1693-ல் வந்தது. அந்தப் புத்தகம்தான் நம் கதையில் கடல் தாண்டுகிறது.

சீனாவுக்குள் ஐரோப்பிய ஓவியம் முதலில் மதத்தோடு வந்தது. மத்தேயோ ரிச்சி 1601-ல் பெய்ஜிங்குக்குப் போனபோது பேரரசருக்குக் கொடுத்த பரிசுகளில் கடிகாரத்தோடு மாதா படமும் இருந்தது. நூறு வருடம் கழித்து, 1700 வாக்கில் ஜோவான்னி கெரார்தினி என்ற இத்தாலிய ஓவியர் வந்து வடக்குத் தேவாலயத்தின் தட்டைக் கூரையில் பொய்க் குவிமாடம் ஒன்று வரைந்தார். பார்க்க வந்தவர்கள் அது தட்டை என்று நம்பவே மறுத்தார்கள் என்று அங்கிருந்த பாதிரியார்கள் ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். கெரார்தினி சில வருடத்தில் திரும்பிப் போய்விட்டார். 1715-ல் வந்த காஸ்திலியோனே திரும்பவே இல்லை.

அவருக்கு அப்போது 27 வயது. பொட்சோவைப் போலவே இயேசு சபையில் குருப்பட்டம் வாங்காத சகோதரர், தொழில் ஓவியம். காங்சி, யோங்செங், சியென்லோங் என்று மூன்று பேரரசர்களிடம் அடுத்தடுத்து வேலை பார்த்து, 1766-ல் பெய்ஜிங்கிலேயே இறந்தார். அவரைச் சபை அனுப்பியதற்குக் காரணம் இருந்தது: கலை வழியாக அரண்மனைக்குள் இடம் பிடித்தால் மதம் பரப்ப அனுமதி கிடைக்கும் என்ற நம்பிக்கை. அது பலிக்கவில்லை. யோங்செங் 1724-ல் கிறிஸ்தவ மதப் பிரச்சாரத்துக்குத் தடை போட்டார், ஆனால் ஓவியர்களை மட்டும் அரண்மனையில் வைத்துக்கொண்டார். தேவாலயத்துக்காகப் பிறந்த வித்தையிலிருந்து தேவதூதர்களைக் கழித்துவிட்டு, கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டது அரண்மனை.

எடுத்துக்கொண்டது என்று சொல்வதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 'ஐரோப்பா சொல்லிக்கொடுத்தது, சீனா கற்றுக்கொண்டது' என்றுதான் நிறைய இடத்தில் இந்தக் கதை சொல்லப்படுகிறது. அது பாதிக் கதை.

சீன ஓவியர்களுக்குத் தூரத்தைக் காட்டத் தெரியாமல் இல்லை, அவர்கள் கேட்ட கேள்வியே வேறு. நீளச் சுருளைக் கையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துப் பார்க்கும் ஓவியத்துக்கு ஒரே மறைபுள்ளி எப்படிப் பொருந்தும்? பார்ப்பவர் ஆற்றோரமாக நடந்து, பாலத்தைத் தாண்டி, மலை ஏறுகிற மாதிரி கண்ணும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால் கட்டடத்தின் இணைகோடுகள் இணையாகவே இருக்கும், எந்தப் புள்ளியிலும் போய்ச் சேராது. அளவுகோல் வைத்துக் கட்டடம் வரைவதற்கென்றே தனி மரபும் அவர்களிடம் இருந்தது. கண்ணை ஏமாற்றும் ஆசையும் புதிதல்ல. சீனா மூன்று அரசுகளாகப் பிரிந்திருந்த பழங்காலத்து ஓவியர் சாவ் பூஷிங், திரைச்சீலைத் தட்டியில் தவறி விழுந்த மைப்பொட்டை ஈயாக மாற்றி வரைய, அரசர் சுன் சுவான் அதை நிஜ ஈ என்று நினைத்து விரலால் தட்டிவிடப் போனார் என்று ஒரு பழங்கதை உண்டு. ஆக, ஆசை இருந்தது, அளவுகோல் இருந்தது. ஒரே இடத்தில் கண்ணைக் கட்டிப்போடும் கணக்குதான் வெளியிலிருந்து வந்தது.

அந்தக் கணக்கை மனமொப்பிக் கற்றவர் நியென் ஷியாவ். ஜிங்தெஜென் நகரின் பீங்கான் சூளைகளை அரசு சார்பில் மேற்பார்வை பார்த்த உயர் அதிகாரி அவர். காஸ்திலியோனேயோடு உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டு, 1729-ல் பர்ஸ்பெக்டிவ் பற்றிச் சீன மொழியில் ஒரு புத்தகம் வெளியிட்டார், 1735-ல் அதை விரிவாக்கினார். பொட்சோவின் புத்தகப் படங்கள் நிறைய அதில் இருக்கின்றன, கூடவே சீனக் கட்டடங்களையும் பாத்திரங்களையும் வைத்து அவரே போட்ட படங்களும் இருக்கின்றன. ரோமில் அச்சான ஒரு புத்தகம் பெய்ஜிங்கில் ஓர் அதிகாரியின் கையில் வேறு புத்தகமாக மாறியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அரசவை ஓவியர் ஸோ யிகுய், மேற்கத்தியர்களின் அளவுக் கணக்கைத் தாராளமாகவே பாராட்டுகிறார். அவர்கள் சுவரில் மாளிகை வரைந்தால் உள்ளே நடந்துபோகத் தோன்றும் என்கிறார். ஆனால் தூரிகை முறை என்பதே அவர்களிடம் இல்லை, எவ்வளவு நேர்த்தி இருந்தாலும் அது கைவினைதான், ஓவியத்தில் சேர்த்தி இல்லை என்று முடித்துவிடுகிறார். சீனத்தில் ஓவியமும் கையெழுத்துக் கலையும் ஒரே தூரிகையில் பிறந்தவை. கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, எங்கே உலர்ந்து இழுக்கிறது என்பதில்தான் வரைந்தவரின் மனம் தெரியும். காஸ்திலியோனேயின் சுவரிலோ தூரிகை பட்ட தடமே தெரியக்கூடாது, தெரிந்தால் மயக்கம் கலைந்துவிடும். அதனால் ஸோ யிகுய் சொன்னதைப் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. அவர் தேடியது அந்த ஓவியத்தில் நிஜமாகவே இல்லை.

அப்புறம் நிழல். மூக்குக்குக் கீழே, கழுத்துக்குப் பக்கத்தில் கருநிழல் போட்டு முகத்தைத் திரட்டிக் காட்டுவது ஐரோப்பியப் பழக்கம். சீன அரண்மனையில் அது அழுக்குக் கறை மாதிரிப் பட்டது. 1793-ல் பிரிட்டிஷ் தூதுக்குழுவோடு வந்த ஜான் பாரோ எழுதியிருக்கிறார்: பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுவந்த உருவப்படங்களைப் பார்த்த அதிகாரிகள், இந்த மனிதர்களுக்கு முகத்தின் இரண்டு பக்கமும் நிஜமாகவே வேறு வேறு நிறமா என்று கேட்டார்களாம். மூக்கின் நிழல் அவர்களுக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. இந்த ரசனை முன்பே தெரிந்துதான் காஸ்திலியோனே அரண்மனையில் முகம் வரையும்போது வெளிச்சத்தை நேர் முன்னாலிருந்து விழவிட்டு, நிழலை இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு மெலிதாக்கிவிட்டார். 1738-ல் வந்த பிரெஞ்சு ஓவியர் ழான்-தெனி அத்திரே எண்ணெய் வண்ணத்தில் தேர்ந்தவர். அவரும் பட்டில் நீர்வண்ணம் தீட்டப் பழக வேண்டியிருந்தது, அந்தச் சங்கடத்தை 1743-ல் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். எதை எடுப்பது, எதை விடுவது என்பதைத் தீர்மானித்தது பேரரசரின் ரசனை.

இவற்றைச் சுவரோவியம் என்று சொல்கிறோமே தவிர, சுண்ணாம்புச் சுவரில் நேரடியாக வரைந்தவை அல்ல. பட்டறையில் பட்டுத் துணியில் வரைந்து, பின்னால் காகிதம் ஒட்டி, அதைக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். கூரை என்றால் முதலில் மரச்சட்டங்களால் கட்டம் கட்டமாக ஒரு பின்னல் அடித்து, அதில் காகிதம் ஒட்டி, அதன் மேல் பட்டு. எந்த அறையில் எந்தச் சுவரில் என்ன வேண்டும் என்று பேரரசர் சொல்வார். சிறிய மாதிரி வரைந்து அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் பெரிய வேலை தொடங்கும். அரண்மனைப் பட்டறை இந்த உத்தரவுகளைத் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறது. யார் எதை வரைந்தார்கள் என்று இன்றைக்கு நாம் உறுதியாகச் சொல்ல முடிவது அந்தப் பதிவேடுகளால்தான். ஒரு சுவரில் பல கைகள் பட்டிருக்கும்: ஐரோப்பியர் ஒருவர் கட்டடக் கோடும் முகமும், சீன ஓவியர்கள் மரமும் மலையும் ஆடை மடிப்பும்.

சின்ன அளவில் இது எப்படி வேலை செய்தது என்று பார்க்க, சியென்லோங் பேரரசரின் சான்சித்தாங் என்ற குட்டி அறைக்குப் போகலாம். அவர் வசித்த யாங்சின் மண்டபத்தின் மேற்கு ஓரத்தில், இரண்டு மூன்று பேர் உட்கார்ந்தாலே நிறைந்துவிடும் அளவுக்கு ஒடுக்கமான இடம். அவர் உயிராக மதித்த மூன்று பழைய கையெழுத்துப் பிரதிகளை வைப்பதற்காக 1746-ல் ஏற்படுத்தியது. தரையில் நீல வெள்ளைப் பீங்கான் ஓடுகள். 1765-ல் காஸ்திலியோனேயும் ஜின் திங்பியாவ் என்ற சீன ஓவியரும் சேர்ந்து மேற்குச் சுவருக்கு ஓர் ஓவியம் வரைந்தார்கள். தரையின் அதே ஓடுகள் ஓவியத்துக்குள்ளும் தொடர்ந்து போகின்றன, தூரம் போகப் போகச் சுருங்குகின்றன, கடைசியில் ஒரு வட்ட வாசல், அதற்கு அப்பால் தோட்டத்தில் சீன உடை உடுத்திய இருவர். ஓட்டின் விளிம்பும் ஓவியத்தின் விளிம்பும் சந்திக்கும் அந்த ஒரு கோட்டில்தான் முழு வித்தையும் இருக்கிறது. அந்தக் கோடு பொருந்தினால் அறை இரண்டு மடங்கு நீளமாகிவிடும்.

யுவான்மிங்யுவான் கோடைகால அரண்மனையில் இன்னும் துணிந்து, வெட்டவெளியில் ஒரு குளத்துக்கு அந்தப் பக்கம் சுவர்களை வரிசையாக நிறுத்தி, அவற்றில் ஒரு தெருவையே வரைந்தார்கள். 1860-ல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் அந்த அரண்மனை வளாகத்தைச் சூறையாடித் தீ வைத்தன. அந்தச் சுவர்களை 1780-களில் அச்சான செப்புத்தகட்டுப் படத்தில்தான் இப்போது பார்க்கலாம்.

சரி, பிழைத்த அறைக்கு வருவோம். அதன் பெயர் ஜுவான்சின்ஜாய்.

தாத்தா காங்சி 61 வருடம் ஆண்டார். அவரைவிட அதிக காலம் அரியணையில் இருக்க மாட்டேன் என்று சியென்லோங் சபதம் செய்திருந்தார். பதவி விலகிய பிறகு ஓய்வாக வாழ்வதற்கு என்று தடைசெய்யப்பட்ட நகரத்தின் வடகிழக்கு மூலையில் ஓர் அரண்மனையும் அதற்குள் ஒரு தோட்டமும் 1771-லிருந்து 1776 வரை கட்டினார். தோட்டத்தில் 27 கட்டடங்கள். கடைசியாக, வடக்குக் கோடியில் இருப்பது ஜுவான்சின்ஜாய். அதன் மேற்குப் பாதி முழுக்க ஒரு தனியார் நாடக அறை. நடுவில் சிறிய சதுர மேடை, அதற்கு எதிரே பேரரசரின் இருக்கை. அவ்வளவுதான் பார்வையாளர் கூட்டம்.

மேடையைச் சுற்றி மூங்கில் வேலி மாதிரி ஒரு தட்டி இருக்கிறது. உண்மையில் அது மூங்கிலே இல்லை. நான்மு என்ற விலையுயர்ந்த மரத்தைக் கணுக்கணுவாகச் செதுக்கி, புள்ளி மூங்கிலின் நிறத்தைத் தீட்டியிருக்கிறார்கள். இந்த மர வேலி சுவர் வரை போகிறது. சுவரில் அதே வேலி, அதே கணு, அதே புள்ளி, ஓவியமாகத் தொடர்கிறது. ஆக, மரம் மூங்கிலாக நடிக்கிறது, பட்டு அந்த மரமாக நடிக்கிறது. வரைந்த வேலியில் ஒரு வட்ட வாசல்; அங்கே கொக்கு நிற்கிறது. வேலிக்கு அப்பால் பியோனிப் பூக்கள், மேக்பை பறவை, மஞ்சள் ஓடு வேய்ந்த அரண்மனைக் கட்டடம், சிவப்பு மதில், அதற்கும் பின்னால் மலை, நீல வானம்.

கூரையைப் பார்த்தால் பந்தல். மூங்கில் கழிகளைக் கட்டம் கட்டமாகக் கட்டி, அதில் விஸ்டீரியா கொடி படர்ந்து, ஊதா நிறப் பூங்கொத்துகள் கூரை முழுக்கத் தொங்குகின்றன. கணக்கு எப்படி என்றால், அந்தக் கூரைக்கு ஒரு நடுப்புள்ளி உண்டு. அதற்கு நேர் கீழே நிற்பவர் தலைக்கு மேலே உள்ள கொத்தின் அடிப்பக்கம்தான் அவருக்குத் தெரியும். வட்டமாக, பூவின் வாய் கீழே பார்த்தபடி. அங்கிருந்து விலகிப் போகப் போக, கொத்துகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, நீளவாக்கில் தெரியும்படி வரைந்திருக்கிறார்கள். நிஜப் பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் இப்படித்தானே தெரியும்? பொட்சோவின் தூண்கள் மேலே ஏறிப்போன அதே முறை, ஆனால் இங்கே பூக்கள் கீழே இறங்கி வருகின்றன. ரோமில் வானம் திறந்து மோட்சம் தெரிந்தது, பெய்ஜிங்கில் தெரிவது சித்திரை மாதத் தோட்டம். பெய்ஜிங்கின் குளிர்காலத்தில் வெளியே ஒரு இலைகூட இருக்காது, ஆனால் இந்த அறைக்குள் விஸ்டீரியாவுக்கு உதிர்காலமே இல்லை. வயதான ஒரு பேரரசர் தனக்கென்று கேட்டு வாங்கியது இதைத்தான் என்பது இந்த அறையை எனக்கு இன்னும் நெருக்கமாக்குகிறது.

அவர் இங்கே வந்து குடியிருக்கவில்லை என்பது வேறு கதை. 1796-ல் சொன்னபடி பதவி விலகினார், ஆனால் அதிகாரத்தையும் யாங்சின் மண்டபத்தையும் விடவில்லை. 1799-ல் இறந்தார்.

இந்த அறையைக் 'காஸ்திலியோனேயின் ஓவியம்' என்று பல இடங்களில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமை இங்கேதான். காஸ்திலியோனே இறந்தது 1766-ல், தோட்டம் கட்டத் தொடங்குவதற்கே ஐந்து வருடம் முன்னால். நாடக அறைக்கு ஓவியம் வரைய உத்தரவு போனது 1774-ல், அந்த உத்தரவில் இருக்கும் பெயர் வாங் யோஷுவே. அரண்மனைப் பட்டறையில் காஸ்திலியோனேயிடம் தொழில் கற்ற சீன ஓவியர். அவரும் கூட இருந்தவர்களும் சுவர், தூண், கூரை எல்லாவற்றையும் வரைய வேண்டும் என்று பதிவேடு சொல்கிறது. காஸ்திலியோனே 1742-லேயே அரண்மனையின் வேறொரு பகுதியில், ஜியான்ஃபு அரண்மனைத் தோட்டத்து அறை ஒன்றில் விஸ்டீரியா வரையப் பணிக்கப்பட்டிருந்தார், அதனால் பந்தல் யோசனைக்கு முன்மாதிரி இருந்தது உண்மை. ஆனால் அந்தத் தோட்டம் 1923-ல் எரிந்து போனது. நாம் இன்று அண்ணாந்து பார்க்கும் பூக்கள் மாணவர்கள் கையால் பூத்தவை.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. வாங் யோஷுவேயின் பெயரைச் சேர்த்தால் கதையே மாறிவிடுகிறது. ஓர் ஐரோப்பியர் வந்து அதிசயம் காட்டிவிட்டுப் போனார் என்பதல்ல. அவர் போன பிறகும், கூரையில் ஒரு பந்தலைச் சரியான கோணத்தில் தொங்கவிடும் அளவுக்கு அந்தக் கணக்கு பெய்ஜிங் பட்டறையில் சொந்தத் தொழிலாகிவிட்டது. காஸ்திலியோனேக்கு இறந்த பிறகு பட்டமும் 300 தேல் (பழைய சீன எடையளவு) வெள்ளியும் கொடுத்துப் பேரரசர் மரியாதை செய்தார். மாணவர்களுக்கு அந்தப் பதிவேட்டு வரி மட்டும்தான் மிஞ்சியது, அதையாவது நாம் படித்துவிட்டுப் பேசலாம்.

கடைசிப் பேரரசர் பூயி 1924-ல் வெளியேற்றப்பட்ட பிறகு தோட்டம் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. அதனால் யாரும் இடித்து மாற்றவில்லை, பராமரிக்கவும் இல்லை. பட்டு சுவரிலிருந்து கழன்று தொங்கியது, அழுக்கும் ஈரமும் ஏறியது. அரண்மனை அருங்காட்சியகமும் உலக நினைவுச்சின்ன நிதியமும் சேர்ந்து 2000-களில் மறுசீரமைப்பில் இறங்கியபோது முதலில் மாட்டிக்கொண்டது ஓவியத்தில் அல்ல, அதன் முதுகில். பட்டுக்குப் பின்னால் ஒட்டியிருந்த காகிதம் முசுக்கட்டை மரப்பட்டையில் செய்தது. தடிமனும் உறுதியும் அதே மாதிரி இருக்கும் காகிதத்தை அப்போது யாரும் செய்துகொண்டிருக்கவில்லை. தேடி, கடைசியில் அன்ஹுய் மாகாணத்துக் கிராமத்தில் கைக்காகிதம் செய்பவர்களைப் பிடித்து, பழைய மாதிரியைக் காட்டி, திரும்பத் திரும்பச் செய்ய வைத்துத்தான் ஒட்ட முடிந்தது. அறையின் மற்ற வேலைப்பாடுகளுக்கும், அதாவது மூங்கில் இழை பதிப்பது, மூங்கிலின் உள்தோலில் செதுக்குவது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும் பூத்தையல் ஆகியவற்றுக்கும், தெற்கு மாகாணங்களிலிருந்து கைவினைஞர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. 2008-ல் அறை முடிந்தது.

ஜுவான்சின்ஜாயின் படங்களை இணையத்தில் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கேமரா எங்கே நிற்கிறது? மூலையிலிருந்து அகலமான லென்ஸில் எடுத்த படத்தில் கூரைப் பூக்கள் கோணல் மாணலாக, ஒரு பக்கம் இழுத்துவிட்ட மாதிரி தெரியும். ஓவியர் தப்பாக வரைந்துவிட்டார் என்று தோன்றும். கூரையின் நடுப்புள்ளிக்குக் கீழே கேமராவை வைத்து நேராக மேலே பார்த்து எடுத்த படத்தைத் தேடி எடுங்கள், அதில் எல்லாம் தன் இடத்துக்கு வந்து நிற்கும். சுவரைப் பார்க்க, மர வேலி முடிந்து வரைந்த வேலி தொடங்கும் இடம் தெரிகிற படமாக எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், ஒரு கண்ணை மூடத் தேவையில்லை, ஏனென்றால் புகைப்படமே ஒற்றைக் கண்தான். இதே தோட்டத்தில் யூசுய்ஷுவான் என்ற சிறு கட்டடத்திலும் ஒரு கண்மயக்குச் சுவர் இருக்கிறது, அதில் புத்தாண்டு சமயத்துப் பெண்களும் குழந்தைகளும் ஒரு வீட்டுக்குள் இருக்கிறார்கள். பூப்பந்தலைப் பார்த்த பிறகு அதைப் பார்த்தால், இதே கணக்கு வீட்டு அறைக்குள் எப்படி வேறு விதமாக நடந்துகொள்கிறது என்பது தெரியும்.